வாசகர் கேள்வி – பதில்: கணினி அறிவியல் இடத்துக்குப் பள்ளியிலேயே ஆயத்தமாவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைப் பற்றியவை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கல்லூரியில் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாகப் பெற, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள நான்கு ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும் என்று பெற்றோரும் மாணவரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, எழுதியவர்களின் பெயர்களை விடுத்து, விடையளிக்கிறோம்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறான். சனிக்கிழமை பைத்தான், ஞாயிற்றுக்கிழமை ஜாவா, கோடை விடுமுறையில் செயற்கை நுண்ணறிவு முகாம் என்று நண்பர்கள் ஆளுக்கொரு வகுப்பைப் பரிந்துரைக்கிறார்கள். எதில் தொடங்குவது?
– ஒரு தாய், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: சகோதரி, இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக உங்கள் மகன் கணிதத்தில் எந்தப் படியில் நிற்கிறான் என்று பாருங்கள். இங்குள்ள பெரும்பாலான பள்ளிகளில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்ற வரிசை மாறுவதில்லை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்தவர் ஆண்டுக்கு ஒரு படியாக ஏறிப் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸுக்கு வந்து சேர்வார். ஒன்பதாம் வகுப்பில்தான் அதைத் தொடங்குகிறவர் எங்கேனும் ஓராண்டில் இரண்டு படிகளைக் கடந்தாக வேண்டும். போட்டி மிகுந்த கணினி அறிவியல் துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கால்குலஸ் பிசி வரை படித்தவர்கள் ஏராளம் என்பதால், இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக் கவுன்சிலரோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் ஒரு படியைத் தாண்டுவதற்காகக் கோடையின் ஆறு வாரங்களில் ஜியோமெட்ரியை விழுங்கி முடிக்கும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிக் கணிதத்தில் ‘இது ஏன் உண்மை’ என்று மாணவர் தம் கையால் எழுதி நிறுவும் முதல் இடம் பெரும்பாலும் ஜியோமெட்ரிதான். அதை அவசரத்தில் கடந்த மாணவர், கல்லூரியின் முதலாண்டுத் தனிநிலைக் கணித (டிஸ்கிரீட் மேத்) வகுப்பில் அதற்கான விலையைக் கொடுப்பார்.

கணினி அறிவியலுக்கும் நிரூபணத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு லட்சம் எண்கள் உள்ள பட்டியலில், எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட ஓர் எண் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இணையாகக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 500 கோடி இணைகளைச் சோதிக்க நேரும். மாறாக, எண்களை முதலில் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்திக்கொண்டு, ஒரு விரலைத் தொடக்கத்திலும் மற்றொரு விரலை முடிவிலும் வைத்து, கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் இடது விரலை முன்னேயும் அதிகமாக இருந்தால் வலது விரலைப் பின்னேயும் நகர்த்தினால், வரிசைப்படுத்த ஆகும் சுமார் 17 லட்சம் ஒப்பீடுகளும் அதன்பின் அதிகபட்சம் ஒரு லட்சம் அடிகளும் போதும். நிரல் என்ற அளவில் இது பத்துப் பதினைந்து வரிதான். ஆனால் விரல்களை இப்படி நகர்த்தும்போது சரியான இணை எதுவும் தப்பிப் போகாது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? அந்த உறுதியைத் தருவது நிரூபணம். ஜாவாவின் இலக்கணத்தை மூன்று மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கும் மனம் அமைவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன.

ஆகவே ஒன்பதாம் வகுப்பில் கணிதத்துடன் ஒரே ஒரு நிரல்மொழி போதும். பைத்தானில் தொடங்கி, சிறு விளையாட்டோ கணக்குப் போடும் கருவியோ தானாகவே எழுதும் அளவுக்கு வந்தபின், பத்தாம் அல்லது பதினோராம் வகுப்பில் ஏபி கணினி அறிவியல் ஏ எடுக்கலாம். அது ஜாவாவில் நடத்தப்படுவது. ஏபி கணினி அறிவியல் கோட்பாடுகள் என்ற மற்றொரு பாடம் துறையை அகலமாக அறிமுகம் செய்வது. விரும்பினால் எடுக்கலாம், ஆனால் முந்தையதற்கு அது ஈடாகாது. வார இறுதி வகுப்புகளில் எதைக் குறைப்பது என்று கேட்டால், மாணவர் தாமாகத் தவறு செய்து திருத்திக்கொள்ள நேரம் விடாத வகுப்பை முதலில் நிறுத்துங்கள் என்பேன்.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பதால் இன்னொரு செய்தி. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் தம் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கணக்கில் பத்தாம், பதினோராம் வகுப்பு மதிப்பெண்களை மட்டுமே சேர்க்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் எடுக்கும் பாடங்களில் ‘சி’ அல்லது அதற்கு மேல் பெற்றிருக்க வேண்டும், ஆனால் அந்த மதிப்பெண் ஜிபிஏ கணக்கில் சேராது. சான் லூயிஸ் ஒபிஸ்போவிலுள்ள கால் பாலி போன்ற இடங்கள் ஒன்பதாம் வகுப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. முதலாண்டில் சற்றுத் தடுமாறிய பிள்ளைக்கு எல்லாம் முடிந்துபோயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வேறு பாடத்தில் எளிதாக நுழைந்து, உள்ளே போனபின் கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று எங்கள் குடும்ப நண்பர் சொல்கிறார். அவர் காலத்தில் அப்படித்தான் செய்தாராம். என் மகளுக்கும் இது பொருந்துமா?
– ஒரு தந்தை, பெல்வியூ, வாஷிங்டன்

பதில்: உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் நுழைந்த கதவு பல இடங்களில் மூடப்பட்டுவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே கலை அறிவியல் கல்லூரியில் எந்தப் பாடத்தை எண்ணி நுழைந்தாலும், சி.எஸ். 61ஏ, 61பி, 70 ஆகிய மூன்று வகுப்புகளில் சராசரியாக 3.3 ஜிபிஏ பெற்றவர் கணினி அறிவியலைத் தம் முதன்மைப் பாடமாக அறிவித்துக்கொள்ளலாம் என்ற முறை பல ஆண்டுகள் இருந்தது. கூட்டம் தாங்க முடியாமற் போனதால், 2023 இலையுதிர்காலம் முதல் பள்ளியிலிருந்து வரும் விண்ணப்பத்திலேயே அந்தப் பாடத்துக்குத் தனியே தேர்வு செய்யும் முறைக்கு மாறினார்கள். வேறு பாடத்தில் சேர்ந்தவர் பின்னர் விண்ணப்பிக்கலாம், ஆனால் மதிப்பெண் இருந்தால் உரிமை என்ற நிலை போய்விட்டது.

உங்கள் மாநிலத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பால் ஜி. ஆலன் பெயரிலுள்ள கணினி அறிவியல் பள்ளி தன் மாணவர்களில் பெரும்பாலோரை உயர்நிலைப் பள்ளி முடித்தவுடன் நேரடியாகவே எடுக்கிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, இந்தப் பள்ளியில் கிடைக்காமற் போனவர், உள்ளே சென்றபின் எப்படியும் மாறிவிடலாம் என்று எண்ணிச் சேருவது அறிவுடைமை ஆகாது. இலினாயிலுள்ள அர்பானா–சாம்பெய்ன், பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் ஆகியவற்றிலும் கணினி அறிவியலுக்குத் தனி வாசல்தான். கார்னகி மெலனில் அது 1988 முதல் தனிக் கல்லூரியாகவே இயங்குகிறது.

இதற்கு நேர்மாறான அமைப்பும் உண்டு. எம்.ஐ.டி.யில் மாணவரைப் பாடத்துக்காக அல்லாமல் நிறுவனத்துக்காகவே எடுக்கிறார்கள். முதலாண்டு முடிவில் அவர் எந்தப் பாடத்தையும் தேர்ந்துகொள்ளலாம், கணினி அறிவியலுக்கு உச்சவரம்பு கிடையாது. ஸ்டான்ஃபர்டிலும் இரண்டாமாண்டு முடிவுக்குள் பாடத்தை அறிவித்தால் போதும். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரிலுள்ள ஹார்வி மட் போன்ற சிறிய கல்லூரிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் நுழைவதே கடினம் என்பது உண்மைதான். ஆனால் நுழைந்தபின் இரண்டாவது போட்டி இல்லை.

எனவே கல்லூரிப் பட்டியல் தயாரிக்கும்போது தரவரிசை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘இங்கே பாடத்துக்கு இடம் தருகிறார்களா, கல்லூரிக்கு இடம் தருகிறார்களா? பாடம் கிடைக்காவிட்டால் என்ன வழி?’ இந்த விடையைத் துறையின் இணையப் பக்கத்தில் சேர்க்கைக் கொள்கை என்ற இடத்தில், நடப்பு ஆண்டுக்குரியதாகப் பார்க்க வேண்டும். மூன்றாண்டுக்கு முன் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி முடிவெடுத்து ஏமாந்த குடும்பங்களை நான் அறிவேன்.

இன்னும் ஒன்று. கணினி அறிவியலைத் தவிர உங்கள் மகளுக்கு வேறெதிலேனும் உண்மையான ஈடுபாடு உண்டா? அர்பானா–சாம்பெய்னில் கணினி அறிவியலை வேறொரு துறையுடன் இணைத்துப் படிக்கும் பட்டங்கள் 2014இல் மானிடவியல், வானியல், வேதியியல், மொழியியல் ஆகிய நான்கு துறைகளுடன் தொடங்கின. இன்று இசை, தத்துவம், பொருளியல் எனப் பெருகியிருக்கின்றன. மொழியியலில் ஆர்வம் உள்ளவர் இவற்றைத் தேர்ந்தால் அது இயல்பான தேர்வு. மொழியியல் என்றால் என்னவென்றே தெரியாமல், வாசல் சற்று அகலம் என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தால், விண்ணப்பக் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே அது வெளுத்துவிடும்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவன். யூசாகோ போட்டியில் வெள்ளிப் பிரிவில் ஓராண்டாக நிற்கிறேன். தங்கப் பிரிவுக்குப் போகாவிட்டால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்காது என்கிறார்கள். போட்டியைத் தொடர்வதா, அல்லது ஒரு செயலி செய்வதா, அல்லது ஒரு தொண்டு நிறுவனம் தொடங்குவதா?
– ஒரு மாணவர், பிளானோ, டெக்சஸ்

பதில்: தொண்டு நிறுவனத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். விண்ணப்பத்துக்காகத் தொடங்கி, சேர்க்கைக் கடிதம் வந்த மாதத்தில் நின்றுபோகும் நிறுவனங்களைப் படித்துப் படித்துச் சேர்க்கை அலுவலர்கள் சலித்திருப்பார்கள்.

யூசாகோவின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது அமெரிக்காவின் கணினி ஒலிம்பியாட். யாரும் கட்டணமின்றி வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு பிரிவுகள். எல்லோரும் வெண்கலத்தில் தொடங்குவார்கள். ஒரு போட்டியில் முழு மதிப்பெண்ணாகிய 1000 பெற்றால் அப்போதே அடுத்த பிரிவுக்கு ஏறிவிடலாம். பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் ஆகியவற்றில் விடை எழுதலாம். மேல் பிரிவுகளில் வேகம் கருதிப் பலரும் சி பிளஸ் பிளஸுக்கு மாறிவிடுகிறார்கள். உச்சியில் தேறும் நால்வர், 1989இல் பல்கேரியாவில் தொடங்கிய உலகக் கணினி ஒலிம்பியாடுக்கு நாட்டின் அணியாகச் செல்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருவோம். நாடெங்கிலும் பிளாட்டினம் எட்டியவர்கள் சிறு கூட்டம்தான். கணினி அறிவியல் துறைகளில் ஆண்டுதோறும் சேருகிறவர்களோ பல்லாயிரம் பேர். அவர்களில் மிகப் பலர் இந்தப் போட்டியின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள். ஆகவே ‘தங்கம் இல்லையேல் இடமில்லை’ என்பது கூற்றளவிலேயே பிழை. வெள்ளிப் பிரிவில் நீங்கள் சந்திக்கும் வரைபடத் தேடல் (கிராஃப் சர்ச்), முன்கூட்டுத்தொகை (பிரிஃபிக்ஸ் சம்) போன்ற நுட்பங்கள் உங்களுக்கு இன்பம் தருகின்றனவா என்பதே கேள்வி. ஒரு புதிரை மூன்று நாள் மனத்தில் சுமந்து, குளிக்கும்போது விடை தோன்றித் துள்ளியதுண்டா? ஆம் எனில் தொடருங்கள். தங்கம் கிடைக்காவிட்டாலும் கல்லூரியின் அல்காரிதம் வகுப்பில் அந்த உழைப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். போட்டி நாளுக்கு முந்தைய வாரம் மட்டும் பழைய வினாக்களைப் புரட்டுகிறீர்கள் எனில், அந்த நேரத்தை வேறு இடத்தில் செலவழியுங்கள்.

அந்த வேறு இடம் செயலியாக இருக்கலாம். ஆனால் காணொளி ஒன்றைப் பார்த்து அப்படியே படியெடுத்த வானிலைச் செயலி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சிக்கல் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்கு ஒரு சொல் விளையாட்டு எழுத முற்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று விடை வரும். மூன்று எழுத்துதானே என்று நீங்கள் திகைப்பீர்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு அதை ஐந்து குறியீடுகளாகச் சேமித்திருக்கிறது என்பது அப்போது தெரியவரும். அடுத்து, சொற்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் னகரம் பகரத்துக்கு முன்னும் ழகரம் வகரத்துக்கு முன்னும் வந்து நிற்கும். ஏனெனில் யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் வைப்பு முறை நம் நெடுங்கணக்கின்படி அமைந்ததன்று. இதைத் திருத்த, எழுத்துகளை எப்படிப் பிரிப்பது, எப்படி ஒப்பிடுவது என்று நீங்களே ஒரு முறையை வகுத்தாக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் அதை விளையாடி, நீங்கள் எண்ணியே பாராத விதத்தில் உடைப்பார்கள். நீங்கள் மறுபடியும் திருத்துவீர்கள். இப்படி ஓராண்டு ஓடிய வேலையைப் பற்றி 350 சொற்கள் எழுதச் சொன்னால் இடம் போதவில்லை என்றுதான் வருந்துவீர்கள்.

கணிதப் போட்டிகளையும் மறக்க வேண்டாம். ஏ.எம்.சி. தேர்வு 75 நிமிடத்தில் 25 கேள்விகள். அதில் தேறுவோர் எழுதும் ஏ.ஐ.எம்.இ. மூன்று மணி நேரத்தில் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் விடை 0 முதல் 999 வரையுள்ள ஒரு முழு எண். பழைய தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தேர்வே எழுதாவிட்டாலும் வாரம் இரண்டு கணக்குகள் போட்டுப் பார்ப்பவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர் சிறியது. பள்ளியில் ஏபி கணினி அறிவியல் வகுப்பே இல்லை. பெரிய நகரத்து மாணவர்களுடன் என் மகள் எப்படிப் போட்டியிட முடியும்?
– ஒரு தாய், அயோவா

பதில்: விண்ணப்பத்துடன் பள்ளி தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் அனுப்புகிறது. அங்கே என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன என்று அதில் இருக்கும். பள்ளியில் இல்லாத பாடத்தை எடுக்கவில்லை என்று யாரும் குறை காண்பதில்லை. ஆனால் இல்லாத இடத்தில் மாணவி என்ன தேடிக்கொண்டார் என்பதைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஹார்வர்டின் சி.எஸ்.50 வகுப்பு முழுமையாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இரட்டைப் பதிவு முறை உண்டா என்று கேளுங்கள். நிரலாக்கம் மட்டுமல்லாமல், பள்ளிக் கணிதம் முடிந்துவிட்டால் நேரியல் இயற்கணிதமும் அங்கே படிக்கலாம். ஏபி வகுப்பில் உட்காராமலே மே மாதத் தேர்வை எழுதவும் வழி உண்டு. அதை நடத்தும் பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து இலையுதிர்காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும். வசந்தகாலம் வரை காத்திருந்தால் வாய்ப்புப் போய்விடும்.

கேள்வி: நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம், மகன் எங்களைச் சார்ந்தவனாக எச்-4 விசாவில் இருக்கிறான். அவனுடைய நண்பர்கள் கோடையில் ஊதியத்துடன் பயிற்சிப் பணி செய்கிறார்கள். இவனால் முடியாதது விண்ணப்பத்தில் குறையாகத் தெரியுமா?
– ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகள் ஊதியம் பெறும் வேலை எதுவும் செய்யக் கூடாது, நிறுவனம் ‘பரவாயில்லை, வா’ என்றாலும் கூடாது. ஊதியமில்லாத பணியிலும், அது வழக்கமாக ஊதியம் தரப்படும் வேலை எனில் சிக்கல் வரலாம் என்பதால், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் பதினேழு வயது மாணவரின் விண்ணப்பத்தில் பயிற்சிப் பணி இல்லாதது ஒரு குறையே அன்று. உறவினர் நிறுவனத்தில் நாற்காலி தேய்த்ததற்கும் தானே எழுதிய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பவர் அறிவார்.

உங்களுக்கு உண்மையில் கவலை தர வேண்டியவை வேறு. எச்-4 மாணவர்களுக்குக் கூட்டரசின் கல்வி நிதியுதவி கிடையாது. புகழ்பெற்ற இலவசக் கோடை ஆய்வுத் திட்டங்கள் சிலவும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலத்தவருக்கான கட்டணம் பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேலும் 21 வயது நிறையும்போது எச்-4 முடிந்துவிடும். மூன்றாமாண்டு படிக்கும்போது எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேரலாம். இவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் அல்ல, பத்தாம் வகுப்பிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகங்களின் பெயரில் நடக்கும் கோடை முகாம்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். பயன் உண்டா?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: பணம் கட்டிய எவரும் சேரக்கூடிய முகாம், சேர்க்கையில் தனிச் சிறப்பு எதையும் தராது. பிள்ளைக்கு அங்கே நல்ல நட்பும் கற்றலும் கிடைக்கும் என்றால் அது அதற்குரிய செலவு, அவ்வளவே.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை நொடியில் எழுதித் தரும்போது, நான் ஏன் அமர்ந்து பழக வேண்டும்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுப்பாடத்தை அப்படித்தான் முடிக்கிறார்கள்.
– பத்தாம் வகுப்பு மாணவி, நேப்பர்வில், இலினாய்

பதில்: நேர்மையான கேள்வி. முதலில் நடைமுறை விடை: ஏபி கணினி அறிவியல் ஏ தேர்வில் நிரலைத் தட்டச்சு செய்வீர்கள், ஆனால் அதை இயக்கிப் பார்க்க முடியாது, அது சரியாக ஓடுமா என்பதை உங்கள் தலைக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். யூசாகோவில் அக்கருவிகளுக்குத் தடை. கல்லூரியின் முதலாண்டுத் தேர்வுகள் பலவும் இன்றும் தாளில் பேனாவால் எழுதுபவை. வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நூறும் தேர்வில் நாற்பதும் வாங்கும் மாணவரைப் பற்றி ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவரும் அதே ஆசிரியராக இருக்கலாம்.

அதற்காகக் கருவியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் முயற்சி உங்களுடையதாக இருக்கட்டும். அரைமணி நேரம் முட்டி மோதியபின், ‘விடையைத் தராதே, என் நிரலில் எந்த வரியில் என் எண்ணம் பிழைபடுகிறது என்று மட்டும் காட்டு’ எனக் கேளுங்கள். பிறகு அதை மூடிவிட்டு, மறுநாள் காலை வெற்றுத் திரையில் அதே நிரலை மீண்டும் எழுதுங்கள். எழுத வந்தால் கற்றிருக்கிறீர்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பார்கள்? கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே குழப்பமாக இருக்கிறது.
– ஒரு தாய், சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா

பதில்: கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் பார்க்கமாட்டார்கள். எம்.ஐ.டி. 2022இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. ஜார்ஜியா டெக், ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகியவையும் கேட்கின்றன. மாநிலத்துக்கு வெளியே ஒரு கல்லூரிக்கேனும் விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால், பதினோராம் வகுப்பில் எழுதி முடித்துவிடுவது மேல்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் எழுத வேண்டும்; ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைப் பொதுவாகக் கேட்பதில்லை. நாடெங்கும் பயன்படும் காமன் ஆப் விண்ணப்பத்திலோ 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை, பத்துச் செயல்பாடுகள் வரை, ஒவ்வொன்றைப் பற்றியும் 150 எழுத்துக் குறிகளுக்குள் விளக்கம், இவற்றுடன் ஆசிரியர் கடிதங்கள். பத்து இடமும் நிரம்பியாக வேண்டும் என்று பெற்றோர் தவிப்பதைப் பார்க்கிறேன். ஐந்து போதும். இரண்டு மட்டும் நான்காண்டு நீண்டவையாக இருந்தால் இன்னும் நல்லது. கட்டுரையை நீங்கள் திருத்தாதீர்கள், சகோதரி. நாற்பத்தைந்து வயதின் சொற்கள் பதினேழு வயதின் வாயில் ஒட்டுவதில்லை.

கேள்வி: என் மகனுக்குக் கணினி அறிவியல் கேட்ட மூன்று இடங்களில் மறுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் மாற்றாகக் கணிதத்தில் இடம் தந்திருக்கிறார்கள். ஏற்பதா, அல்லது சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்து மாறுவதா?
– ஒரு தந்தை, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: மகனுக்குக் கணிதம் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். பிடிக்கும் எனில், அந்தப் பல்கலைக்கழகத்தில் கணித மாணவர்கள் கணினித் துறையின் வகுப்புகளில், குறிப்பாகத் தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயக்கமுறைமை ஆகிய மூன்றில், இடம் பெற முடிகிறதா என்பதைத் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி அறிந்துகொள்ளச் சொல்லுங்கள். துறைக்குள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தந்து, மீதி இடங்களை மட்டும் பிறருக்குத் திறப்பது பல இடங்களில் வழக்கம். அந்த மூன்றும் கிடைக்குமென்றால், கணிதப் பட்டத்துடன் மென்பொருள் துறைக்கோ கணினி அறிவியல் முதுகலைக்கோ செல்வது பலரும் நடந்த பாதை. கணிதமே பிடிக்காத பிள்ளையை, மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அங்கே அனுப்பாதீர்கள். முன்னே பெல்வியூ வாசகருக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்.

சமுதாயக் கல்லூரி வழியில் இழுக்கு ஏதும் இல்லை. பெர்க்லி உட்படக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் ஆண்டுதோறும் அங்கிருந்து மாணவர்களை எடுக்கின்றன, கட்டணமும் மிகக் குறைவு. ஒரே எச்சரிக்கை: டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உள்ளிட்ட ஆறு வளாகங்கள், சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறி வருவோருக்குத் தரும் மாற்றுச் சேர்க்கை (டிரான்ஸ்ஃபர்) உத்தரவாதத்திலிருந்து கணினி அறிவியல் போன்ற பாடங்களைச் சில வளாகங்கள் விலக்கி வைத்திருக்கின்றன. முதல் பருவத்துக்குப் பதிவு செய்யும் முன்பே, எந்த வளாகம், எந்தப் பாடம், அதற்கு ஈடாகும் வகுப்புகள் எவை என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் உங்கள் கல்லூரியின் பெயரை இட்டுப் பார்த்து, அந்தப் பட்டியலுடன் அங்குள்ள மாற்றுச் சேர்க்கை ஆலோசகரைச் சந்திக்கச் சொல்லுங்கள்.